அட்டையும் காலும்: ஓர் அட்டவணையை வாசித்தல்

1

கடந்த சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது கவிதையுமல்ல, நாவலுமல்ல, அட்டவணைகள். ரத்தநாள அறுவைச் சிகிச்சையில் மேற்படிப்பு படிக்கும் நண்பர் ஒருவர் அமெரிக்க மருத்துவ இதழ்களிலிருந்து நகலெடுத்த கட்டுரைகளை ஒரு பையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இதுல என்ன சொல்றாங்கன்னு எனக்குப் புரியுது தோழர். எப்படிச் சொல்றாங்கன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றியது. படிக்கப் படிக்க, வேலை இருக்கிறது என்று பட்டது. அட்டவணையும் ஒரு பிரதிதான். அதற்கும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. உரையாசிரியர்கள் தேடித் தேடி வருவித்து உரைப்பார்களே, அந்த எச்சமும் உண்டு.

முதல் அட்டவணை 2010இல் ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் வர்ஜீனியா பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் வெளியிட்டது. 2003 முதல் 2007 வரை நடந்த 8,93,658 பெரிய அறுவைச் சிகிச்சைகள். இதயத் தமனிக்கு மாற்றுப்பாதை போடுவது, வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைச் சரிசெய்வது உட்பட எட்டு வகை. யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை வைத்து நோயாளிகளைப் பிரித்திருக்கிறார்கள். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள்: தனியார் காப்பீடு உள்ளவர்களில் 1.3 சதம், காப்பீடே இல்லாதவர்களில் 3.2, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகெய்டில் 3.7, முதியோருக்கான மெடிகேரில் 4.4. முதியோர் அதிகம் இறப்பதில் வியப்பில்லை. ஆனால் வயது, வருமானம், உடன்நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு ‘சரிசெய்த’ பிறகும், மெடிகெய்டு நோயாளி இறக்கும் சாத்தியம் தனியார் காப்பீட்டாளரைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. காப்பீடே இல்லாதவரைவிடவும் ஒரு படி மேல்.

இந்த அட்டவணை மருத்துவ நூலகத்தோடு நின்றுவிடவில்லை. 2011 மார்ச்சில் ஸ்காட் காட்லீப் என்ற மருத்துவர் - பின்னாளில் 2017 முதல் 2019 வரை அமெரிக்க உணவு, மருந்துத் துறையின் ஆணையராக இருந்தவர் - ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். மெடிகெய்டு இருப்பது காப்பீடே இல்லாதிருப்பதைவிடக் கேடு என்பது அதன் வாதம். ஒபாமா அரசின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் மெடிகெய்டை விரிவுபடுத்த முனைந்த நேரம் அது. இறந்துபோன ஏழைகளின் சதவீதம், உயிரோடிருக்கும் ஏழைகளுக்கு அட்டை கொடுக்கக் கூடாது என்பதற்கான சான்றாக ஆகிறது. ஒரு பிரதி எப்படி வாசிக்கப்படுகிறது என்பது இலக்கியக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2

நன்னூல் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மூன்றாம் வேற்றுமைக்கு இரண்டு வகை உருபு. ‘ஆல்’ கருவிப்பொருளிலும் கருத்தாப்பொருளிலும் வரும். ‘ஓடு’ உடனிகழ்ச்சிப் பொருளில் வரும். வாளால் வெட்டினான், நாயோடு வந்தான். இரண்டும் ஒரே வேற்றுமை, ஆனால் வேறு வேறு பொருள். நாய் வந்ததற்கும் அவன் வந்ததற்கும் காரண காரியத் தொடர்பு இருந்தாக வேண்டியதில்லை.

அட்டவணை சொல்வது, மெடிகெய்டோடு வந்தவர்கள் அதிகம் இறந்தார்கள் என்பது. காட்லீப் வாசிப்பது, மெடிகெய்டால் இறந்தார்கள் என்று. ‘ஓடு’ இருந்த இடத்தில் சத்தமில்லாமல் ‘ஆல்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. புள்ளியியல் படித்தவர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு உருபு மயக்கம் என்றால் போதும்.

இப்போது எச்சத்துக்கு வருவோம். மெடிகெய்டு என்ற கட்டத்துக்குள் ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்? ஏழையாக இருப்பதால் மட்டும் அல்ல. நோயால் வேலை செய்ய முடியாமல் போனதால் வருகிறார். சிறுநீரகமும் காலும் கண்ணும் கெட்டு, ஊனம் என்று அரசு ஒத்துக்கொண்ட பிறகு வருகிறார். பல பேர் காப்பீடு இல்லாமலேயே மருத்துவமனைக்குள் நுழைகிறார்கள். பில் ஏறுவதைப் பார்த்து மருத்துவமனை ஊழியரே விண்ணப்பம் நிரப்பி மெடிகெய்டில் சேர்த்துவிடுவார். பின்தேதியிட்டுப் பணம் வரும் வழியும் அந்தத் திட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆக, காப்பீடு இல்லாதவர்களில் மிக மோசமான நிலையில் இருப்பவர்கள் ஒரு கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த கட்டத்தில் வைக்கப்படுகிறார்கள். பிறகு, பாருங்கள் இந்தக் கட்டத்தில் எவ்வளவு சாவு என்கிறோம்.

‘சரிசெய்தல்’ என்ற சொல்லையும் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. வருமானத்தைச் சரிசெய்தோம், இனத்தைச் சரிசெய்தோம், வாழிடத்தைச் சரிசெய்தோம் என்று ஆய்வாளர் எழுதும்போது, அவர் எதையும் சரிசெய்துவிடவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே பிரித்தறிய அது தேவையான வேலைதான். ஆனால் மிசிசிப்பியில் கறுப்பராக இருப்பதும், ஏழையாக இருப்பதும், மருத்துவர் இல்லாத ஊரில் இருப்பதும் தனித்தனியே ஒருவர்மீது வந்து விழுவதில்லை. ஒன்றையொன்று உண்டாக்கிக்கொண்டு ஒரே வரலாறாகவே வருகின்றன. கணிதம் அதைப் பிரிக்கலாம். உடல் பிரித்து வாழ முடியாது.

3

உடல் என்றேன். காலுக்கு வருகிறேன்.

ரத்தநாள நோய்களில் மிக மௌனமானது காலின் தமனிகள் அடைபடுவது. அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 65 லட்சம் பேருக்கு இது இருப்பதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிடுகிறது. புகையிலை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு - வழக்கமான காரணங்கள்தாம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் சரியாகிவிடும். ஜெர்மானியர்கள் இதற்குக் ‘கடைச் சன்னல் நோய்’ என்று பேச்சுவழக்கில் பெயர் வைத்திருக்கிறார்கள்; வலியை மறைக்க ஒவ்வொரு கடைச் சன்னல் முன்பும் நின்று வேடிக்கை பார்ப்பதுபோலப் பாவனை செய்வார்களாம். இந்தப் பெயரின் வர்க்கத்தைக் கவனியுங்கள். கடைவீதியில் உலாவுகிறவனுக்குத்தான் நிற்பதற்குச் சன்னல் இருக்கிறது. பருத்திக் காட்டில் நிற்கிறவனுக்கு ‘சோம்பேறி’ என்ற பெயர்தான்.

கண்டுபிடிப்பது கடினமே இல்லை. கணுக்காலில் ரத்த அழுத்தம் அளக்க வேண்டும், கையில் அளக்க வேண்டும், ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே போனால் கோளாறு. ஒரு அழுத்தமானியும் கையடக்க டாப்ளர் கருவியும் போதும். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். நேரத்தில் தெரிந்தால் மருந்து, நடைப்பயிற்சி, புகையிலையை விடுவது. முற்றினால் பலூன் வைத்துத் திறப்பது அல்லது மாற்றுப்பாதை. தெரியாமலே போனால் ஒரு நாள் விரலில் புண், புண் ஆறாது, கறுக்கும், பிறகு வெட்டு. காலை வெட்டிய கையோடு விஷயம் முடிவதுமில்லை. ரத்தநாள நோயால் முழங்காலுக்குக் கீழோ மேலோ கால் இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துபோகிறார்கள்.

யாருக்குப் பலூன், யாருக்கு வெட்டு? 2007இல் ‘ஜர்னல் ஆஃப் வாஸ்குலர் சர்ஜரி’யில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் நாடளாவிய மருத்துவமனைத் தரவுகளில் தேடியது. வெள்ளையரல்லாதவர்கள், குறைந்த வருமானக்காரர்கள், தனியார் காப்பீடு இல்லாமல் மெடிகெய்டையோ மெடிகேரையோ நம்பியிருந்தவர்கள் - இவர்களுக்கு ரத்தநாளத்தைத் திறப்பதைவிடக் காலை வெட்டுவதே அதிகம் நேர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2009ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் கால் இழக்கும் வீதம் ஏழைப் பகுதிகளுக்கும் பணக்காரப் பகுதிகளுக்கும் இடையே பத்து மடங்கு வரை வேறுபட்டது. நோய் ஒன்றுதான். அஞ்சல் குறியீடு வேறு.

ஃபூக்கோ மருத்துவமனையின் பிறப்பு பற்றி 1963இல் எழுதியபோது, நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்வி மாறியதை ஒரு யுக மாற்றத்தின் அடையாளமாகக் காட்டினார். உனக்கு என்ன என்ற விசாரிப்பு, எங்கே வலிக்கிறது என்ற கேள்வியாக ஆனது. இந்த நகல்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, அமெரிக்க மருத்துவமனையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் வேறொரு கேள்வி வரவேற்பு மேசையிலேயே கேட்கப்பட்டுவிடுகிறது என்பது: என்ன இன்சூரன்ஸ்? பார்வைக்கு முன்னால் பட்டுவாடா. நாம் அதிகாரத்தை மருத்துவரின் கண்ணில் தேடிக்கொண்டிருக்க, அது பில் போடுகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

4

இந்த மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1965 ஜூலை 30இல் ஜனாதிபதி ஜான்சன் மிசௌரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. மெடிகேர் முதியோருக்கானது, மத்திய அரசே நடத்துவது, உழைத்த காலத்தில் செலுத்தியதற்கு ஈடாகக் கிடைக்கும் உரிமை என்ற சொல்லாடலுக்குள் வருவது. மெடிகெய்டு ஏழைகளுக்கானது, மாநிலங்களும் சேர்ந்து செலவழிப்பது, யாருக்கு, எவ்வளவு என்பதில் மாநிலங்களுக்குப் பெரும் அதிகாரம், பொதுப்புத்தியில் தர்மம். 1966இல் மெடிகேர் பணம் வேண்டுமென்றால் இனப் பிரிவினையைக் கைவிட வேண்டும் என்று மத்திய அரசு சொன்னதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களிலேயே வெள்ளை வார்டு, கறுப்பு வார்டு என்ற பாகுபாட்டைக் கைவிட்டன. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தது பணம்தான், உபதேசம் அல்ல. அதே பணம் மெடிகெய்டில் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. 2019 கணக்குப்படி மெடிகெய்டு மருத்துவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் சராசரியாக மெடிகேர் கொடுப்பதில் 72 சதம்தான். தனியார் காப்பீடு மெடிகேரைவிடவும் அதிகம் கொடுப்பது. மெடிகெய்டு நோயாளிகளை எடுத்துக்கொள்ளாத சிறப்பு மருத்துவர்கள் ஏன் அதிகம் என்பதற்கு மனோதத்துவ விளக்கம் தேவையில்லை.

மிசிசிப்பி டெல்டா. பருத்தியும் அடிமைமுறையும் விளைந்த சமவெளி. அங்கே பொலிவார் மாவட்டத்தில் ஃபொலுஸோ ஃபகொரேடே என்ற இதய மருத்துவர் 2015இல் மருத்துவமனை தொடங்கினார். அவரைப் பற்றி லிஸி பிரெஸ்ஸர் 2020இல் ‘புரோபப்ளிகா’வுக்கு எழுதிய நீண்ட கட்டுரையில் ஒரு ஒப்பீடு வருகிறது: கால் வெட்டுகள் மிகுந்த பகுதிகளின் வரைபடமும், உள்நாட்டுப் போருக்கு முன் அடிமைகள் மிகுந்திருந்த பகுதிகளின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. கறுப்பர்கள் கால் இழக்கும் வீதம் மற்றவர்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பலருக்குக் காலை வெட்டுவதற்கு முன் தமனியில் ரத்தம் ஓடுகிறதா என்ற சோதனைகூட நடந்திருக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை? இங்கே ஒரு சொற்றொடரை வாசிக்க வேண்டும். தடுப்பு மருத்துவச் சோதனைகளைத் தரப்படுத்தும் அமெரிக்க நிபுணர் குழு, அறிகுறியில்லாதவர்களுக்குக் கணுக்கால் சோதனை செய்வது பற்றி 2018இல் கொடுத்த தீர்ப்பு: போதிய சான்று இல்லை. முதல் இரண்டு தரங்கள் பெற்ற சோதனைகளைக் காப்பீடுகள் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சட்டம். இதற்கு அந்தத் தரம் கிடைக்கவில்லை. ஆக, சோதனைக்குப் பணம் வருவது நிச்சயமில்லை. வெட்டுக்குப் பணம் வருவது நிச்சயம். இதை மாற்றச் சொல்லி டொனால்ட் பெய்ன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 2020இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆபத்தில் இருப்பவர்களுக்குச் சோதனை இலவசம், தமனியைச் சோதிக்காமல் வெட்டினால் பணம் இல்லை - இவ்வளவுதான் அதன் சாரம். அது சட்டமாகவில்லை. பெய்ன் 2024 ஏப்ரலில் காலமானார்.

இன்னொரு சுற்று பாக்கியிருக்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம், மெடிகெய்டை விரிவுபடுத்துமாறு மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2025 முடிவிலும் 10 மாநிலங்கள் விரிவுபடுத்தவில்லை. மிசிசிப்பி அதில் ஒன்று. அங்கே உழைக்கும் வயதில் இருக்கிற, பிள்ளைகள் இல்லாத, ஊனம் என்று சான்று பெறாத ஒருவர் எவ்வளவு ஏழையானாலும் அவருக்கு மெடிகெய்டு கிடையாது. கால் போன பிறகு கிடைக்க வாய்ப்புண்டு. முதலில் கால், பிறகு அட்டை. அப்புறம் அவர் மெடிகெய்டு கட்டத்தில் ஒரு எண். அந்த எண்ணைக் காட்டித்தான், பார்த்தீர்களா மெடிகெய்டு எவ்வளவு மோசம் என்று எழுதுகிறார்கள்.

5

இதற்கு எதிரான சான்று உண்டா? உண்டு. சில மாநிலங்கள் விரிவுபடுத்தி, சில மறுத்ததே ஒரு கொடூரமான பரிசோதனையாக அமைந்துவிட்டது. விரிவுபடுத்திய மாநிலங்களின் மாவட்டங்களில் 45 முதல் 64 வயதுள்ளவர்களிடையே இதய, ரத்தநாளச் சாவுகள், மறுத்த மாநிலங்களோடு ஒப்பிட, ஆண்டுக்கு லட்சத்துக்கு 4.3 குறைவு என்று 2019இல் ‘ஜாமா கார்டியாலஜி’யில் ஓர் ஆய்வு வந்தது. மில்லர், ஜான்சன், வெர்ரி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், 2014-2017 காலத்தில் மறுத்த மாநிலங்களில் 55 முதல் 64 வயதுள்ள சுமார் 15,600 ஏழைகளின் சாவு தவிர்த்திருக்கக் கூடியது என்று கணக்கிட்டார்கள். ‘ஆல்’ உருபை இங்கே போடலாம். மறுப்பால் இறந்தார்கள்.

ஆனால் நம் தரப்புக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது யோக்கியமில்லை. 2008இல் ஓரகன் மாநிலத்தில் இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டு மெடிகெய்டு கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் ‘ஓடு’வும் ‘ஆல்’லும் குழம்ப வாய்ப்பில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், கடன் சுமை குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, சர்க்கரை நோய் அதிகம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரை அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2013இல் இது வெளியானது. இடதுசாரிகள் பலர் இதைப் பேச விரும்புவதில்லை. நான் பேச வேண்டும் என்கிறேன். அட்டை கதவைத் திறக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, இந்தப் பக்கம் வீட்டில் அடுப்பில் என்ன இருக்கிறது என்பதை அட்டை தீர்மானிப்பதில்லை.

இதை அறுபதுகளிலேயே தெரிந்துகொண்டவர்கள் அதே பொலிவார் மாவட்டத்தில், மௌண்ட் பயோ என்ற கறுப்பர் நகரத்தில் இருந்தார்கள். ஜாக் கைகர் முதலிய மருத்துவர்கள் அங்கே தொடங்கிய டெல்டா சுகாதார மையத்தில், சத்தில்லாத குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். கடையில் உணவு, பில் மருந்தகக் கணக்கில். அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, சத்துக் குறைவுக்குப் பாடநூல் சொல்லும் மருந்து உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். ‘மருந்து’ என்ற குறிப்பானைப் பிடித்து அதன் எல்லையைத் தள்ளிவைத்த அந்தச் சீட்டைவிடக் கூர்மையான கட்டவிழ்ப்பை நான் எந்தக் கோட்பாட்டுக் கட்டுரையிலும் படித்ததில்லை.

இப்போது போகும் திசை வேறு. 2025 ஜூலை 4இல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேர வேலையோ அதற்கு ஈடானதோ செய்ததாக நிரூபிக்க வேண்டும். 2027 தொடக்கத்திற்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: நூறடி நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது, அதனால் வேலை செய்ய முடியவில்லை, விலக்குப் பெற நோய் என்று சான்று வேண்டும், சான்றுக்கு மருத்துவர் வேண்டும், மருத்துவருக்கு அட்டை வேண்டும். ஆர்கன்சாவில் 2018இல் இதே நிபந்தனையைப் போட்டுப் பார்த்தார்கள். நீதிமன்றம் நிறுத்துவதற்குள் 18,000க்கும் மேற்பட்டோர் அட்டையை இழந்தார்கள்.

6

இதையெல்லாம் தமிழில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். இங்கேயும் அட்டை வந்துவிட்டது: மாநிலத்தில் 2009இல் ஒரு காப்பீட்டுத் திட்டம், 2012இல் அதன் புதிய வடிவம், 2018இல் மத்திய அரசின் திட்டம். உயிர் காத்த திட்டங்கள்தாம், மறுக்கவில்லை. வீடு தேடி வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை கொடுக்கும் திட்டம் 2021இல் தொடங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் காப்பீட்டின் அடிப்படை இலக்கணம் இங்கேயும் அதுதான். பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால் பணம், சேராதவரை கைக்காசு.

எங்க பெரியப்பா ரோட்டில் நடந்தால் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் நிற்பார். "என்ன பெரியப்பா, கம்பத்த எண்ணுறீங்களா?" என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். விரலில் புண் வந்து கறுத்த பிறகு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "கார்டு இருக்கா?" என்றார்கள். இருந்தது. காலை எடுக்கக் கார்டு போதுமானதாக இருந்தது. அதற்கு முன்னால் பத்து வருடம் அவருடைய கணுக்காலில் ஒருவரும் கை வைத்துப் பார்த்ததில்லை. அதற்கு எந்தக் கார்டும் இருக்கவில்லை. மருத்துவமனையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கம்பத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அந்தக் காலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பழைய புத்தகக் கடைகளில் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைத் தேடி வாங்கி, உடல் அரசியல் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரைகளை இப்போது எடுத்துப் பார்த்தேன். வேட்கை இருக்கிறது, தண்டனை இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. நாம் பேசிய உடல் நடக்காத உடலாக இருந்திருக்கிறது.

அடுத்த மாத வாசகர் கூட்டத்துக்கு நண்பர் தன்னுடைய டாப்ளர் கருவியை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது தாண்டியவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் கொஞ்சம் முன்னதாக வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் படுத்தால், ஆளுக்கு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். எண்களை நான் குறித்துக்கொள்கிறேன். கவிதை வாசிப்பை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.